ஒளியால் எழுதிய எழுத்துகள்

1962-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் உலகின் இரு மூலைகளில் நடந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 50 மெகாவாட். சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த நிலையம் அது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடம் ஒன்றில், நிக் ஹோலோன்யாக் என்னும் இளம் விஞ்ஞானி ஒரு மிகச் சிறிய படிகத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். அது சிவப்பாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும், பயன்படத்தக்க முதல் எல்.இ.டி. அதுவே. ஹோலோன்யாக் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இன்று வடலூர்க் கடைத்தெருவில் ஒன்றாக நிற்கின்றன. ஒரு கடையின் முகப்பில், வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகளால் கடையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் அதனை 'நியான் போர்டு' என்கிறார்கள். அதை ஒளிரச் செய்யும் மின்சாரத்தின் ஒரு பங்கு, சில கிலோமீட்டர் தொலைவில் தோண்டி எடுக்கப்பட்ட பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பலகைக்குள் நியான் இல்லை. உள்ளே சிறிது காற்று இருக்குமானால், அந்தக் காற்றில் இயற்கையாகக் கலந்துள்ள நியான் மட்டுமே உண்டு!

நியான் இல்லாத ஒன்றுக்கு நியான் என்னும் பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நூற்றைம்பது ஆண்டுக்கால அறிவியல் வரலாறு நம் முன் விரிகிறது. அதில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு.

குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

1857-ஆம் ஆண்டு வாக்கில், ஜெர்மனியின் பான் நகரில் ஹைன்ரிக் கைஸ்லர் என்னும் கண்ணாடிக் கலைஞர் இருந்தார். கண்ணாடிக் குழாயில் உள்ள காற்றைப் பெருமளவு வெளியேற்றிவிட்டு, எஞ்சிய வாயுவினூடே உயர் மின்னழுத்தத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் குழாய் அழகாக ஒளிர்வதை அவர் செய்த குழாய்கள் காட்டின. நம் பாடநூல்கள் 'மின்னிறக்கக் குழாய்' என்று கூறுவது இதனையே.

குழாயில் ஏன் ஒளி பிறக்கிறது? மின்புலத்தால் விரைந்து ஓடும் எலெக்ட்ரான்கள் வாயு அணுக்களின் மீது மோதுகின்றன. மோதுண்ட அணு ஆற்றலைப் பெற்று உயர்நிலைக்குச் செல்கிறது. உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது, பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழ்கிறது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் குறிப்பிட்ட ஆற்றல் படிகளே உண்டு. ஆகவே ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறக்கோடுகளைத் தருகிறது. நிறமாலையைப் பார்த்தே தனிமத்தைச் சொல்லிவிடலாம். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, தனிமத்துக்கு நிறமாலைக் கோடுகள் அப்படி.

1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணம் ஒன்று இந்தியாவைக் கடந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறமாலைமானியுடன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் போக்சன் காத்திருந்தார். அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலிருந்து கிரகணத்தைக் கண்டார். அந்தக் கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு, பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தின் கைரேகை என்பது பின்னர் விளங்கியது. அதுவே ஹீலியம்.

சூரியனில் கண்ட அந்த வாயுவை 1895-இல் பூமியில் கண்டவர் லண்டன் பேராசிரியர் வில்லியம் ராம்சே. அவரும் ராலே பிரபுவும் அதற்கு முந்திய ஆண்டிலேயே காற்றிலிருந்து ஆர்கானைப் பிரித்திருந்தனர். ஹீலியம், ஆர்கான் ஆகிய இரண்டுக்கும் இடையே இன்னொரு தனிமம் இருந்தாக வேண்டும் என்று ராம்சே கருதினார். 1898-இல் அவரும் அவருடைய உதவியாளர் மோரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றை மெல்ல மெல்ல ஆவியாக்கிப் பகுதி பகுதியாகச் சோதித்தனர். ஒரு பகுதியைக் குழாயில் அடைத்து மின்சாரத்தைச் செலுத்தியதும் செக்கச் சிவந்த ஒளி பாய்ந்தது. நிறமாலைமானியைப் பார்ப்பதற்கு முன்பே அது புதிய தனிமம் என்பது தெரிந்துவிட்டது. 'புதியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு நியான் என்று பெயரிட்டனர்.

இந்த இருவருமே நம் நாட்டோடு தொடர்பு உடையவர்கள். ஜாம்ஷெட்ஜி டாட்டா விரும்பிய அறிவியல் கழகத்தை எங்கே நிறுவலாம் என்று ஆராய 1900-இல் இந்தியா வந்த ராம்சே, பெங்களூரைப் பரிந்துரைத்தார். அந்த இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தவர் டிராவர்ஸ். நியானின் முதல் சிவப்பொளியைக் கண்ட கண்கள் பெங்களூர்க் கழகம் எழுவதையும் கண்டன.

வீணான வாயு விளம்பரமான கதை

காற்றில் நியான் மிகக் குறைவு. ஒரு லட்சம் லிட்டர் காற்றில் ஏறக்குறைய 1.8 லிட்டர்தான் உண்டு. இவ்வளவு அரிய பொருளைத் தெருவிளம்பரத்துக்குக் கொண்டு வந்தது எது? வேறொரு தொழிலே! பிரான்சு நாட்டின் ஜார்ஜ் கிளாட் காற்றைப் பேரளவில் திரவமாக்கி ஆக்சிஜன் எடுத்துக் கொண்டிருந்தார். அப்போது மிஞ்சிய உபபொருளாக நியான் அவரிடம் சேர்ந்தது. அதைக் குழாயில் அடைத்து விளக்காக்கினார். 1910 டிசம்பரில் பாரிஸில் நடந்த மோட்டார் வாகனக் கண்காட்சியில் அவருடைய நீண்ட நியான் குழாய்கள் ஒளிர்ந்தன.

கிளாட் விரும்பியது வீட்டு விளக்கு. ஆனால் அந்தச் செந்நிற ஒளியில் உண்ணவும் படிக்கவும் யார் விரும்புவர்? அதே நிறம், தொலைவிலிருந்து கண்ணைப் பறித்தது. கண்ணாடிக் குழாயைச் சூடேற்றி எழுத்தாக வளைத்தால் எழுத்தே ஒளிரும். 1912-இல் பாரிஸ் நகரின் ஒரு முடிதிருத்தும் கடைக்கு நியான் விளம்பரம் மாட்டப்பட்டது. குழாயின் மின்வாய்கள் விரைவில் கெட்டுப் போகும் குறையைப் பெரிய பரப்புள்ள மின்வாய்களால் கிளாட் தீர்த்தார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமையை 1915-இல் பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் உலக நகரங்களின் இரவு நிறம் மாறியது. சென்னை மவுண்ட் ரோட்டிலும், மதுரை, கோவைக் கடைத்தெருக்களிலும், சினிமாக் கொட்டகை முகப்புகளிலும் நியான் எழுத்துகள் வந்தன.

நியான் சிவப்பு மட்டுமே தரும் என்பதை மறக்காதீர்கள். நீலம் வேண்டுமானால் ஆர்கானுடன் சிறிது பாதரசம். மற்ற நிறங்களுக்குக் குழாயின் உட்புறம் ஒளிர்பொருள் பூச்சு. ஆனால் எல்லாவற்றுக்கும் மக்கள் இட்ட பெயர் ஒன்றே: நியான்! பெயர் பொருளை விட்டு விலகியது அன்றே தொடங்கிவிட்டது.

புள்ளி என்னும் சிக்கல்

நியான் எழுத்தைச் செய்வது கண்ணாடி ஊதும் கலைஞரின் கைத்தொழில். குழாயைச் சுடரில் காட்டி, இளகியதும், காகிதத்தில் வரைந்த கோட்டின் மேல் வைத்து வளைக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கண்ணாடி இறுகிவிடும். வளைவில் குழாய் நசுங்காமல் இருக்க, மறு முனையில் பொருத்திய ரப்பர்க் குழாய் வழியாக வாயால் ஊதிக் கொண்டே வளைப்பர். பின்பு காற்றை வெளியேற்றி, சிறிதளவு வாயுவை நிரப்பி மூடுவர். இதை ஒளிரச் செய்யப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். 15,000 வோல்ட் வரை தரும் மின்மாற்றிகள் இதற்கெனவே உண்டு. எனவே இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

தமிழ் எழுத்து இக்கலைக்கு ஒரு வகையில் நட்பு, ஒரு வகையில் பகை. நம் எழுத்துகளில் பல, கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதத் தக்க வளைகோடுகள். வளையும் குழாய்க்கு இதைவிட ஏற்றது எது? ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்தை என்ன செய்வது? புள்ளி, எழுத்தைத் தொடாமல் தனியே நிற்கிறது. குழாயோ இரு முனைகளிலும் மின்வாய் கொண்ட ஒரே தொடர். எழுத்திலிருந்து குழாயைப் பின்புறமாக வளைத்து, புள்ளியிடம் கொண்டு போய், மீண்டும் வர வேண்டும். தெரியக்கூடாத இணைப்புப் பகுதிக்குக் கறுப்பு வண்ணம் பூச வேண்டும். ஒளி அங்கேயும் எரிந்து கொண்டுதான் இருக்கும். நம் கண்ணுக்கு மறைக்கப்படும், அவ்வளவே. 'வடலூர்' என்று எழுத வ, ட, லூ, ர ஆகிய நான்கு உருவங்கள், மேலே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி கலைஞருக்குத் தந்த வேலை ஒரு முழு எழுத்தின் வேலையாக இருந்திருக்கும்!

படிகத்தில் பிறந்த ஒளி

இனி இரண்டாவது கதைக்கு வருவோம். இதுவும் இந்தியாவைத் தொட்டே தொடங்குகிறது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், வானொலி அலைகளை உணர கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைப் பயன்படுத்தினார். 1904-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திப் படிகம் ஒன்று கருவியாகப் பயன்பட்ட தொடக்கக் காலச் சான்றுகளில் இது முதன்மையானது. பின்னர் உலகெங்கும் வானொலிப் பொறியாளர்கள் பலவகைப் படிகங்களை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுச் சோதிக்கத் தொடங்கினர்.

அவர்களுள் ஒருவர் மார்க்கோனி நிறுவனத்தின் எச்.ஜே. ரவுண்ட். 1907-இல் கார்போரண்டம் என்னும் சிலிக்கான் கார்பைடுப் படிகத்தில் மின்னழுத்தம் கொடுத்தபோது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1920-களில் சோவியத் ரஷ்யாவின் ஓலெக் லோசெவ் அதனைத் தாமே கண்டறிந்து முறையாக ஆராய்ந்தார். இது வெப்பத்தால் வரும் ஒளி அன்று என்பதை உணர்ந்து கட்டுரைகள் எழுதினார். பெரிய பட்டமோ பதவியோ இல்லாத அவர், 1942-இல் லெனின்கிராட் முற்றுகையின் பட்டினியில், 38-ஆம் வயதில் மாண்டார். அவர் கண்ட ஒளியை உலகம் மறந்தது.

ஹோலோன்யாக் 1962-இல் செய்தது, இந்த ஒளியை வேண்டிய நிறத்தில் வரவழைத்தது. குறைகடத்தியில் எலெக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் பட்டையிலிருந்து தாழ்ந்த பட்டைக்கு விழும்போது ஒளி பிறக்கிறது. இரு பட்டைகளுக்கும் உள்ள இடைவெளியே நிறத்தைத் தீர்மானிக்கிறது. சிவப்பு ஒளித்துகளுக்கு ஏறத்தாழ 1.9 எலெக்ட்ரான்-வோல்ட் போதும், நீலத்துக்கு 2.75 வேண்டும். காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றைத் தக்க விகிதத்தில் கலந்து ஹோலோன்யாக் சிவப்பைப் பெற்றார்.

சிவப்பு வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் வீட்டுக்குரிய வெள்ளை வெளிச்சம் வரவில்லை. காரணம், நீலம் இல்லை. அதற்கு ஏற்ற காலியம் நைட்ரைடுப் படிகத்தைக் குறையின்றி வளர்ப்பது இயலாத செயல் என்று பலர் கைவிட்டனர். ஜப்பானில் அகாசாகியும் அவர் மாணவர் அமானோவும் நகோயாவில் விடாமல் முயன்றனர். நகாமுரா ஒரு சிறிய நகரத்து நிறுவனத்தில் தனியே முயன்று, 1993-இல் பிரகாசமான நீல ஒளியைத் தந்தார். நீல ஒளியின் ஒரு பகுதியை ஒளிர்பொருள் பூச்சால் மஞ்சளாக மாற்றினால், நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தோன்றும். இன்று நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பு இதுவே. மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டில் செய்து பார்ப்போம்

கண்ணாடி போய், வளையும் சிலிகோன் உறை வந்தது. உள்ளே நாடா போன்ற ஒரு மின்சுற்று; அதில் மீட்டருக்கு 120 எல்.இ.டி.கள். அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டருக்கு ஒன்று. பால் போன்ற உறை, ஒளியைச் சிதறடித்துப் புள்ளிகளைக் கோடாக்குகிறது. பழைய நியானின் தோற்றத்தை அப்படியே காட்டுவதால் பழைய பெயரும் ஒட்டிக் கொண்டது. கடைகளில் இதனை 'நியான் பிளெக்ஸ்' என்பர்.

'வடலூர்' என்றே எழுதுவோம். முதலில் பெரிய தாளில் வேண்டிய அளவில் எழுதுங்கள். கோட்டின் மேல் நூலை வைத்து அளந்து மொத்த நீளத்தைக் காணுங்கள். 2.5 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம்.

12 வோல்ட் நாடாவில் மூன்று எல்.இ.டி.கள் தொடராக இணைந்து ஒரு தொகுதி ஆகின்றன. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட், மூன்றுக்கு 9. மீதி 3 வோல்ட் ஒரு மின்தடையில் செலவாகிறது. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் எனில், ஓம் விதிப்படி மின்தடை 150 ஓம். மீட்டருக்கு 40 தொகுதிகள். அவை பக்க இணைப்பில் இருப்பதால் 40 பெருக்கல் 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.8 ஆம்பியர். 2.5 மீட்டருக்கு 2 ஆம்பியர். திறன் 12 பெருக்கல் 2, ஆக 24 வாட். ஆகவே 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கினால் அது சூடேறாமல் நீடித்து உழைக்கும்.

ஒரு தொகுதியின் நீளம் 2.5 செ.மீ. என்பதால், நாடாவில் குறியிட்ட அந்த இடங்களில் மட்டுமே வெட்ட வேண்டும். இடையில் வெட்டினால் அத்தொகுதி எரியாது. ஒவ்வொரு துண்டின் முனையிலும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளைப் பற்றவைத்து, பலகையில் துளையிட்டுப் பின்புறமாகக் கொண்டு சென்று, எல்லாச் சிவப்பையும் ஒன்றாகவும் எல்லாக் கறுப்பையும் ஒன்றாகவும் இணையுங்கள். கம்பி மாறினால் எல்.இ.டி. ஒளிராது. ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் எரிய வைத்துப் பார்த்து விடுங்கள்.

புள்ளியை மறந்துவிட்டோமே! 2.5 செ.மீ. துண்டை வளையமாக்கினால் விட்டம் 8 மி.மீ. தான் வரும், அவ்வளவு இறுக்கமாக வளைத்தால் உள்ளே பற்றவைப்பு அறுந்துபோகும். 10 செ.மீ. துண்டு எடுத்தால் விட்டம் 3.2 செ.மீ.; எழுத்தும் அதற்கேற்பப் பெரிதாக இருந்தால் அழகாகவே அமையும். கண்ணாடிக் கலைஞரை வருத்திய புள்ளி, பக்க இணைப்பில் இரண்டு கம்பிகளால் தீர்ந்துவிடுகிறது. கண்ணாடிக் குழாய் ஓரிடத்தில் உடைந்தால் முழுப் பெயரும் இருண்டு விடும். இங்கே ஒரு தொகுதி பழுதானால் 2.5 செ.மீ. மட்டும் இருளும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 12 வோல்ட் பகுதியைத் தொடலாம். அடாப்டருக்குள் நுழைவது 230 வோல்ட். அதைத் திறக்காதீர்கள். பலகை வெளியே மாட்டுவதாயின், அடாப்டரை மழை படாத இடத்தில் வையுங்கள்.

ஓர் எழுத்துக்கு எவ்வளவு நிலக்கரி?

நம் பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியமானது. பழுப்பு நிலக்கரியில் நீர் மிகுதி, வெப்பம் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ தேவைப்படுகிறது எனக் கொள்ளலாம். நம் 24 வாட் பலகை தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 120 வாட்-மணி. எட்டு நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். அதாவது ஒரு கிலோ நிலக்கரி.

இதையே பழைய முறையில் 15 வாட் குண்டு பல்புகள் 40 கொண்டு எழுதியிருந்தால் 600 வாட். ஐந்து மணி நேரத்துக்கு மூன்று யூனிட். எட்டு நாளில் 24 கிலோ. வித்தியாசத்தைக் கவனியுங்கள்! 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டதன் பொருள் இப்போது விளங்கும். 1962-இல் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் அதன் இடத்தை நிரப்பின, சுரங்கமும் நிற்கவில்லை. ஒவ்வொரு கிலோவுக்கும் பின்னால் தோண்டி எறிந்த மண் இருக்கிறது, இறைத்துக் கொட்டிய நிலத்தடி நீர் இருக்கிறது, வயலைக் கொடுத்துவிட்டு வேறு ஊர் சென்ற குடும்பம் இருக்கிறது.

அப்படியானால் எல்.இ.டி. வந்ததும் எல்லாம் நன்மையாய் முடிந்ததா? இல்லை. மலிவான எதையும் மனிதன் அதிகம் செலவிடுவான். ஒரு பலகை இருந்த தெருவில் இன்று ஐம்பது பலகைகள். கடை மூடிய பின்பும் அவை எரிகின்றன. 23 பலகைகள் வீணாய் எரிந்தால், குண்டு பல்பிலிருந்து மாறியதால் ஒரு பலகையில் நாம் மிச்சப்படுத்தியது முழுவதும் போய்விடும். 24 கிலோவில் 23 கிலோ மிச்சம். அந்த 23-ஐயும் வீண் விளக்குகள் விழுங்கிவிடும். கணக்கு எளிதானது, ஆனால் இதனைச் செய்து பார்ப்பவர் சிலரே.

இன்னொரு இழப்பும் உண்டு. ஒளி சிதறுவது அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது ராலே கண்ட விதி. ஆர்கானைக் கண்ட அதே ராலே! 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல் சிதறும். ஆகவே வெள்ளை எல்.இ.டி.யில் உள்ள நீலம், பழைய நியானின் சிவப்பைவிட மிகுதியாக வானில் பரவி விண்மீன்களை மங்கச் செய்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடம் அமைந்ததே நகர வெளிச்சத்திலிருந்து விலகி இருக்கத்தான். விளக்குகள் மலையை நோக்கி வளர்ந்தால் அந்தத் தொலைநோக்கி எங்கே போகும்?

வடலூரில் 1872 முதல் ஞான சபையில் ஒளி வழிபடப்படுகிறது. தைப்பூசத்தன்று அங்கே திரளும் மக்கள் திரை விலகித் தெரியும் ஜோதியைக் காணக் காத்து நிற்பர். சுற்றிலும் இருள் இருப்பதால்தான் ஒரு சுடர் சுடராகத் தெரிகிறது. இது வழிபாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. இயற்பியலும் அதையே சொல்கிறது. நம் கண் காண்பது ஒளியின் அளவை அல்ல, பின்புலத்தோடு அதற்குள்ள வேறுபாட்டை. மங்கலான தெருவில் 24 வாட் எழுத்து எல்லாரையும் அழைக்கும். ஐம்பது பலகைகளின் நடுவே 100 வாட் எழுத்தும் யாரையும் அழைக்காது.

எனவே, நண்பர்களே, செய்து பாருங்கள். அளந்து, கணக்கிட்டு, உங்கள் ஊரின் பெயரையோ பள்ளியின் பெயரையோ புள்ளி தவறாமல் எழுதுங்கள். கூடவே ஒரு சிறிய நேரக்கட்டுப்பாட்டு ஸ்விட்சும் வாங்கிப் பொருத்துங்கள். படிக்க யாரும் இல்லாத வேளையில் அந்த எழுத்து அணைந்து கிடக்கட்டும். அன்று மிச்சமாகும் நிலக்கரி பூமிக்குள்ளேயே இருக்கட்டும்.